பள்ளி கேன்டீனில் தானே பில் போடும் கவுண்டர்: கேட்டதும் சொன்னதும்

பள்ளி கேன்டீன்களில் மாணவர்கள் தாங்களே பில் போட்டுக்கொள்ளும் கவுண்டர்களை அமைப்பதும், கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பதும்தான் என் வேலை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

ட்ரேயை வைத்த உடனே தொகை வந்துவிடுகிறது. என்ன சாப்பாடு என்று அதற்கு எப்படித் தெரியும்? (ஒரு அப்பா)

சாப்பாட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பாத்திரத்தைத்தான் தெரியும். கிண்ணத்தின் அடியில் நாணயம் அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு (சிப்) இருக்கும். அதில் பேட்டரி கிடையாது. மேடைக்கு அடியில் இருக்கும் ஆன்டெனா எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நாலைந்து கிண்ணம் இருந்தால் எல்லாம் ஒன்றாகப் பேசிவிடாதா என்று கேட்பீர்கள். சில்லுகளைப் படிக்கும் கருவியான ரீடர் ஒவ்வொன்றையும் முறை வைத்துப் பேசவிடும். அது முடிவதற்குள் நமக்கு ஒரு நொடிகூட ஆனதாகத் தெரியாது.

நீலக் கிண்ணம் என்றால் சூப், வெள்ளை என்றால் பழம் என்று முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். ஆக, உண்மையில் பில் போடுவது சமையலறைதான். ஓர் இடத்தில் நீலக் கிண்ணம் தீர்ந்துபோய், அவசரத்துக்கு வெள்ளையில் சூப் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு சூப் எடுத்தவர்களுக்கெல்லாம் பழத்தின் விலை. திட்டு வாங்கியது என்னவோ இயந்திரம்! அப்புறம், ட்ரே எவர்சில்வராக இருந்தால் இந்த முறை சரிப்படாது. உலோகம் காந்தப்புலத்தைக் கெடுத்துவிடும்.

மேலே கேமரா வைத்துப் படத்தை ஒப்பிடும் வகையும் உண்டு. அதற்குத் தனிக் கிண்ணம் தேவையில்லை. ஆனால் புதிதாக ஒரு பதார்த்தம் வந்தால் முன்கூட்டியே படம் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று மறைத்திருந்தால் கோட்டை விட்டுவிடும்.

பால் பாக்கெட்டில் பார்கோடு கசங்கியிருந்தால் வேறு பொருளின் விலை விழுமா? (ஒரு மாணவர்)

விழாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பார்கோடுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் காவல்காரன். முதல் 12 இலக்கங்களையும் மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதைத்தான் அங்கே அச்சடிப்பார்கள். ஓர் இலக்கம் தப்பாகப் படிக்கப்பட்டால் கணக்கு இடிக்கும், 'பீப்' வராது. பாக்கெட்டை நீவிவிட்டு மறுபடி காட்டுங்கள்.

300 பிள்ளைகள், அரை மணி இடைவேளை. ஒரு இயந்திரம் போதுமா? (ஒரு ஆசிரியை)

போதாது டீச்சர். ஒரு பிள்ளைக்கு 12 நொடி என்றாலும் 300 பேருக்கு 3,600 நொடி, ஒரு மணி நேரம். நாலு கவுண்டர் இருந்தால் கால் மணியில் முடியும். அந்த 12 நொடியில் சாப்பாட்டை எண்ணுவதற்கு ஆவது சொற்பம். பையில் பணம் கட்டும் கார்டைத் தேடுவதும் ரகசிய எண்ணை யோசிப்பதும்தான் மீதி. ட்ரேயைக் கையில் எடுப்பதற்கு முன்பே கார்டை எடுத்துக்கொள்ளப் பழக்குங்கள்.

கார்டுக்குப் பதில் விரல்ரேகை வைக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா)

பொதுவாக ரேகையின் படத்தைச் சேமிப்பதில்லை. கோடுகள் முடியும் இடம், கிளை பிரியும் இடம் ஆகியவற்றை எண்களாக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது. கார்டு தொலைந்தால் வேறு கார்டு வாங்கலாம், விரலை மாற்ற முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம். பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் பிள்ளை மாட்டேன் என்றால் பள்ளி விட்டுவிட வேண்டும், மாற்று வழியும் தர வேண்டும். ஸ்காட்லாந்தின் நார்த் ஏர்ஷயரில் 2021இல் ஒன்பது பள்ளிகள் முகத்தைப் பார்த்தே பில் போடத் தொடங்கின. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு கார்டே தாராளம் என்பது என் கட்சி.

இலவச உணவு வாங்கும் பிள்ளை யார் என்று வரிசையில் தெரிந்துவிடுமா? (பெயர் சொல்ல விரும்பாதவர்)

தெரியக்கூடாது. அமெரிக்கப் பள்ளி உணவுத் திட்டத்தில் அப்படி அடையாளம் காட்டுவதற்கே தடை உண்டு. காசு கட்டுகிறவர், கட்டாதவர் எல்லோருக்கும் ஒரே பச்சை விளக்கு, ஒரே ஒலி; யார் கணக்கில் எவ்வளவு என்பது உள்ளே நடக்க வேண்டிய விஷயம்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆரம்பத்தில், கார்டில் பண இருப்பு குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி அமைத்தேன். மறுவாரம் போய் நின்று பார்த்தபோது, ஒரு பையன் தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் இருப்பவனுக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தான். கடைசி ஆளாகத்தான் கார்டை வைத்தான். அன்றே சிவப்பை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பு குறைந்தால் பெற்றோரின் போனுக்கு மட்டும் செய்தி போகும்.

நெட் போய்விட்டால்? (அதே ஆசிரியை)

கவுண்டரே கணக்கை வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். அதுவரை காட்டும் இருப்பு பழையதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆளே வேண்டாமா? (கேன்டீன் நடத்துபவர்)

ஒருவர் வேண்டும் ஐயா. ஸ்கேன் பண்ணாமல் போகிறவர்களைப் பிடிக்க மட்டுமல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு எங்கே வைப்பது என்று காட்டவும், தப்பாக விழுந்த பில்லை ரத்து செய்யவும். அவர் கையில் ஒரு ஈரத்துணியும் இருக்கட்டும். ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி, கண்ணாடியில் தெறித்த சூப்தான்.