குன்னூரில் கிடைத்த பழைய பிளாஸ்டிக் விமானக் கிட்: யாருடைய அச்சு, எவ்வளவு துல்லியம் என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் குன்னூரில் பழைய சாமான் கடை ஒன்றில் மூன்று கிட் வாங்கியிருக்கிறார். பிரிட்டிஷ் கம்பெனியான ஏர்ஃபிக்ஸின் 1/72 (அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) நாட் என்ற சின்ன ஜெட் விமானம் ஒன்று, நோவோ என்று அட்டை போட்ட பை ஒன்று, பெயரே கேள்விப்படாத கம்பெனியின் மிக்-21 ஒன்று. "வெலிங்டன் ஆபீசர் பங்களாவிலிருந்து வந்தது, எல்லாம் அசல் இங்கிலாந்து, நாட் நம்ம ஏர்ஃபோர்ஸ் விமானமேதான்" என்று கடைக்காரர் சொன்னாராம். இது உண்மையா, கிட் துல்லியமா என்று கேட்கிறார்.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பங்களா காலி செய்யும்போது மொத்தமாக எடுத்து வருகிறவர் அவர். எனக்கு எரிச்சல் வேறு ஆட்கள் மேல். "பேனல் கோடு கூர்மையா இருக்கு, ரிவெட் எல்லாம் தெரியுது, செம துல்லியம்" என்று தீர்ப்பு எழுதுகிறார்களே, அவர்கள் மேல். விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் அந்தக் கோடு கூர்மையாக இருப்பது, பாகங்களை வார்க்கும் அச்சை (மோல்டை) வெட்டியவரின் கைவேலை. விமானத்தின் உருவம் சரியா என்பது தனிக் கேள்வி. ரிவெட் அத்தனையும் போட்டுவிட்டு மூக்கை 3 மி.மீ. குட்டையாக விட்ட கிட்டும் உண்டு, மொழுமொழுவென்று இருந்தாலும் உருவம் அப்படியே வந்த 1970களின் கிட்டும் உண்டு.

முதலில் நாட். பெட்டிப் படத்தில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தால் அது டி.1, பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சி விமானம். ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது இதில்தான். நம்மிடம் இருந்தது ஒற்றை இருக்கை எஃப்.1. பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். கட்டியதும் அதைத்தான், பின்னால் அஜீத் என்ற ரகம் வந்ததும் அதிலிருந்துதான். பின் இருக்கையை அடைத்துப் புட்டி பூசி இந்திய விமானப்படையின் மூவர்ண வட்டம் ஒட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது, இறக்கையே வேறு. எஃப்.1-க்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 22 அடி 2 அங்குலம், டி.1-க்கு 24 அடி. 1/72-இல் ஓர் அடி என்பது 4.23 மி.மீ. அப்படியானால் முதலாவது 93.8 மி.மீ., இரண்டாவது 101.6 மி.மீ. இவ்வளவு சின்ன விமானத்தில் 8 மி.மீ. வித்தியாசம் கண்ணை உறுத்தும். டி.1-இன் உடலும் நீளம். ஆக, உங்கள் கையில் இருப்பது நல்ல கிட்டாகவே இருக்கலாம், ஆனால் இந்திய விமானம் இல்லை. இந்திய நாட்தான் வேண்டும் என்றால் செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி 1/72-இல் ஒற்றை இருக்கை நாட், அஜீத் இரண்டையும் போட்டிருக்கிறது. துல்லியம் என்று பேச ஆரம்பிக்கும் முன் எந்த ரகம் என்று தீர்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது பிறப்பு. பெட்டியில் உள்ள பெயர் விற்றவருடையது. அச்சு வெட்டியவர் வேறாக இருக்கலாம், வார்த்த நாடு மூன்றாவதாக இருக்கலாம். ஏர்ஃபிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் கம்பெனி கவிழ்ந்து பாலிடாய் கைக்குப் போனது, 1986-இல் ஹம்ப்ரால், 2006-இல் ஹார்ன்பி. நடுவில் நெடுங்காலம் அச்சுகள் பிரான்சில் இருந்தன, அதனால் ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் பிரான்ஸ் என்று இருந்தால் அதிசயம் இல்லை. 'மேட் இன் இந்தியா' என்று பார்த்ததும் டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2010களில் புதிதாக வெட்டிய அச்சுகள் பலவற்றை இங்கேதான் வார்த்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், கத்தி நினைத்ததைவிட ஆழமாக இறங்கும், அவ்வளவுதான் குறை. உங்கள் நாட் பெட்டியில் உள்ள பேனல் கோடுகள் மேடாக, கைக்குத் தட்டுப்படுகிற ரிவெட்டோடு இருந்தால் அது 1960களின் அச்சு. கோடுகள் பள்ளமாக இருந்தால் 2010களில் புதிதாக வெட்டியது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு கிட்.

நோவோ பை இன்னும் சுவாரசியம். ஃப்ராக் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1970களில் மூடியபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. அங்கே வார்த்து நோவோ என்ற பெயரில் வெளியே விற்றார்கள். ஜெர்மன், ஜப்பான் விமானங்களின் அச்சுகளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவை பெரும்பாலும் ரெவெல் கம்பெனிக்குப் போயின. எனவே நோவோ அட்டை போட்ட பைக்குள் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் இருந்தால், யாரோ பையை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். நோவோவுக்கு அப்புறமும் அதே அச்சுகள் முன்னாள் சோவியத் நாடுகளில் கைமாறிக் கைமாறி, பெயரில்லாப் பெட்டிகளிலும் வந்தன. அச்சு பிரிட்டிஷ், வார்ப்பு சோவியத். "அசல் இங்கிலாந்து" என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை.

பெயர் தெரியாத மிக்கின் மூலத்தைத் தேட வேண்டிய இடம் பிளாஸ்டிக். இறக்கையின் உட்புறம், வால் இறக்கையின் அடிப்புறம், உதிரிகள் மாட்டியிருக்கும் ஸ்ப்ரூ சட்டம், ஸ்டாண்ட் இந்த நான்கு இடத்தையும் ஜன்னல் ஓரத்தில் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். கம்பெனிப் பெயரும் வருடமும் பெரும்பாலும் அங்கே இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றியுள்ள பரப்போடு ஒட்டாமல் ஒரு செவ்வகம் மட்டும் வழவழவென்று இருந்தால், பழைய பெயரை அச்சில் அழித்திருக்கிறார்கள். விளிம்பெல்லாம் மெல்லிய பிசிறு, உடலின் இரண்டு பாதியைச் சேர்த்தால் ஓர் ஓரம் படிக்கட்டு மாதிரி தூக்கி நிற்பது, மேட்டுக் கோடுகள் பாதியில் மங்கிப்போவது எல்லாம் தேய்ந்த அச்சின் அடையாளம். பொருத்தும் ஆணி எதுவும் இல்லாமல், ஸ்ப்ரூ ஒட்டுமிடம் தடிமனாக, ஆனால் கோடுகள் பள்ளமாக இருந்தால், அது குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் சிறு கம்பெனிகளின் வேலை. இதைத் தேய்ந்த அச்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிட்களைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் பெட்டியின் எண்ணைப் போட்டால் அந்த அச்சு எந்த வருடம் பிறந்தது, எத்தனை பெட்டி மாறியது என்று வரிசையாக வரும். அங்கே 'புதுப் பெட்டி' என்றிருப்பதைப் 'புது அச்சு' என்று படித்துவிட்டு வாங்குகிறவர்கள் நிறைய.

நகல் என்று சந்தேகம் வந்தால் தப்புகளைத் தேடுங்கள். சரியான உருவம் எல்லாருக்கும் பொது. ஒரே இடத்தில் ஒரே தப்பு இரண்டு கிட்டில் இருந்தால்தான் ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததாக அர்த்தம். ஏர்ஃபிக்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் விமானக் கிட்டே ஆரோரா கம்பெனியின் 1/48 கிட்டைப் பார்த்துச் சிறிதாக்கியது. எனவே இதில் பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற பேதம் இல்லை.

இனி அளவு. 150 மி.மீ. வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். பொம்மைக்கு எதற்குக் காலிப்பர், ரிவெட் எண்ணுகிற கூட்டம் வந்துவிட்டது என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சந்தோஷமாக ஒட்டிப் பெயின்ட் அடிக்கிறவர்களை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கேட்டது துல்லியம். அதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

மிக்-21-க்கு இறக்கை முனையிலிருந்து முனை வரை 7.154 மீட்டர். 1/72-இல் 99.4 மி.மீ., 1/48-இல் 149 மி.மீ. பாகங்களை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து அளங்கள். பாலிஸ்டைரீன் ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும் என்பதால் 1 சதவீதத்துக்குள் வரும் வித்தியாசத்தை விட்டுவிடலாம். 1/72 என்று போட்ட கிட்டில் 95.4 மி.மீ. வந்தால்? நீளம், உயரம், சக்கரம் எல்லாம் அதே விகிதத்தில் குறைந்திருந்தால் உருவம் சரி, ஸ்கேல்தான் பொய். அது 1/75 கிட். இறக்கை மட்டும் குறைந்து மற்றது சரியாக இருந்தால் உருவமே தப்பு. நீளத்தை அளக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. மிக்கின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டாட் குழாயைச் சேர்த்துச் சில புத்தகங்கள் நீளம் தரும், சேர்க்காமல் சில தரும். கிட் குட்டை என்று எழுதும் விமர்சனங்களில் பாதி இந்தக் குழாயில் வந்த சண்டைதான்.

இந்தியாவில் முதலில் பெருமளவில் கட்டிய மிக்-21 எஃப்.எல்., அதாவது டைப் 77 ரகம்தானா உங்கள் கிட் என்று அறிய நான்கு இடம். விமானி இருக்கையின் கண்ணாடி மூடி, முன் கண்ணாடியோடு ஒரே துண்டாக, முன்பக்கக் கீலில் தூக்குவது. முன் கண்ணாடி தனிச் சட்டமாக நின்றால் பி.எஃப்.எம். ரகம் அல்லது அதற்குப் பிந்தையது. வால் செங்குத்துத் துடுப்பு அகலமானது, அதன் அடியில் பிரேக் பாராசூட் குடுவை. இறக்கைக்கு அடியில் பைலான், அதாவது ஏவுகணை, குண்டு மாட்டும் தாங்கி, பக்கத்துக்கு ஒன்றுதான்; எம்.எஃப்., பிஸ் என்ற பிந்தைய ரகங்கள் என்றால் இரண்டு. கடைசியாகப் பின்சக்கரம்: 800 மி.மீ. விட்டம், 1/72-இல் 11.1 மி.மீ. ஆரம்பகால எஃப்-13-க்கு 660 மி.மீ., அதாவது 9.2. எஃப்-13 உடலில் பெரிய மூக்கை மட்டும் மாட்டிப் பிந்தைய ரகம் என்று விற்கும் கிட்டைச் சக்கரமே காட்டிக்கொடுத்துவிடும்.

காலிப்பருக்குப் பிடிபடாதது மூக்கின் சரிவு, முதுகின் வளைவு, கண்ணாடியின் உயரம். இதற்கு வரைபடத்தைப் பிரின்ட் எடுத்துக் கிட்டை அதன்மேல் வைப்பார்கள். பிரின்டர் 'ஃபிட் டு பேஜ்' என்று சுருக்கியிருக்கும். போதாக்குறைக்குக் குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழையில் காகிதமே ஈரம் இழுத்து ஏ4 நீளத்துக்கு அரை, முக்கால் மி.மீ. நீளும், அதுவும் ஒரு பக்கமாக. வரைபடத்தில் ஸ்கேல் கோடு இருந்தால் அதை முதலில் அளங்கள். அச்சிட்ட வரைபடமே தப்பாக இருப்பதும் சகஜம், ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்திருப்பார்.

போட்டோதான் நம்பகம், ஆனால் தூரம் ஒத்துப்போக வேண்டும். நிஜ விமானத்தை 50 மீட்டரிலிருந்து எடுத்த படம் என்றால் 1/72 மாடலை 50-ஐ 72-ஆல் வகுத்து 69 செ.மீ. தூரத்திலிருந்து, அதே கோணத்தில் எடுங்கள். அப்போதுதான் மூக்கு புடைப்பதும் வால் சிறுப்பதும் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். மொபைலை ஒரு சாண் தூரத்தில் பிடித்து எடுத்துவிட்டு மூக்கு பெரிதாக இருக்கிறது என்று கம்பெனியைத் திட்டுவது அநியாயம்.

நிஜ விமானத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் மலையிலிருந்து பெங்களூர் போகலாம். எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது, கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியக வாசலில் எச்.ஏ.எல். கட்டிய மாருத் போர் விமானம் நிற்கிறது. நிறுத்தி வைத்த விமானத்தில் உருவத்தை நம்பலாம், பெயின்ட்டை நம்பாதீர்கள். பலமுறை மேலே மேலே அடித்திருப்பார்கள். டயர் காற்றில்லாமல் அமுங்கி நிற்கும், காற்று நுழைவாயில் அடைத்திருக்கும், ஒரு விமானத்தின் மூடி இன்னொன்றில் ஏறியிருப்பதும் உண்டு.

சம்பந்தம் இல்லாததுதான், சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் கிட் வாங்குகிறவருக்கு அச்சு யாருடையது என்பதைவிடப் பெரிய பிரச்சினை கூரியர். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் குன்னூர் பின்கோடு பார்த்தாலே மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிடும். சீசன் நேரத்தில் கேட்டால் டிராஃபிக், மழையில் கேட்டால் மண்சரிவு, இரண்டும் இல்லாத பிப்ரவரியில் கேட்டால் சிஸ்டம் டவுன். கீழே போய் எடுத்து வந்தால் பெட்டி ஒரு பக்கம் அப்பளமாக இருக்கும். இதற்கும் சேர்த்துத்தான் மலைக்கென்று தனி டெலிவரி சார்ஜ்.

உங்கள் மூன்றில் எதை ஒட்டலாம்? நாட்டை டி.1-ஆகவே, ரெட் ஏரோஸ் சிவப்பில் கட்டுங்கள், நன்றாக வரும். மிக்கை அளந்த பிறகு முடிவு செய்யுங்கள். டீகால், அதாவது விமானத்தில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள், மஞ்சளாகியிருந்தால் ஜிப் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வையுங்கள். இங்கே அதை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செய்ய வேண்டும், மழை மாதங்களில் வைத்தால் மஞ்சள் போகாமல் பூஞ்சைதான் கூடும். மிருதுவான ரப்பர் மாதிரி டயர் இருந்தால் இன்றே பிரித்துத் தனிக் கவரில் போடுங்கள், அது தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். நோவோ பையைத் திறக்காமல் வைக்க நினைத்தாலும் அட்டையில் அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னை மட்டும் எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது துருவேறி, கறை முதலில் அட்டைக்கும் அடுத்து டீகாலுக்கும் இறங்கும்.