உயிரித் தொழில்நுட்பக் காப்புரிமைக்கான ஐரோப்பியப் பொதுவிதிகளை இத்தாலி ஏன் உரிய காலத்தில் ஏற்கவில்லை?

அவ்விதிகள் 1998 ஜூலையில் நிறைவேறிய ஒரு நெறியாணையில் உள்ளன; அதை ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் 30.7.2000க்குள் தம் சட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். இத்தாலி சேர்க்கவில்லை, நெறியாணையையே ரத்துசெய்யக் கோரிய நெதர்லாந்தின் வழக்கில் துணைநின்று, 2001 அக்டோபரில் தோற்றது. சிக்கலின் மையம் நெறியாணையின் 5ஆம் பிரிவு: மனித உடலுக்குள் இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது, ஆனால் அதையே தொழில்நுட்ப முறையில் பிரித்தெடுத்தால், அதன் அமைப்பு இயற்கையிலுள்ளதை அச்சு அசலாக ஒத்திருந்தாலும், கிடைக்கலாம். இந்த இடத்தில் ஒரு நாடு தயங்குவதில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன்.

ஆனால் பின்னர் தன்மீதே வழக்கு வந்தபோது, நடப்பிலுள்ள தன் சட்டங்களே போதும் என்று இத்தாலி வாதிட்டது. மனிதக் கருவை வணிக நோக்கில் பயன்படுத்தும் முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என வெளிப்படையாகச் சொல்லாத சட்டம் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்று கூறி, ஐரோப்பிய நீதிமன்றம் 16.6.2005 அன்று அவ்வாதத்தை நிராகரித்தது. 2006 தொடக்கத்தில்தான், அதுவும் அவசரச் சட்டத்தின் மூலம், இத்தாலி விதிகளை ஏற்றது.