இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டப்பட்டால் ஏன் எந்த அதிகாரியும் பொறுப்பேற்பதில்லை?

2022இல் 600 பில்லியன் ரூபாவுக்கு மேல் நட்டம், அடுத்த வருடமே இலாபம், இடையில் நிர்வாகம் என்ன செய்தது, யாரைப் பிடித்துக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் அந்த வருடம் எண்ணெய் வரிசையில் நாட்கணக்கில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும், கேள்வியிலேயே கோபம் தெரிகிறது. நான் வரிசைக்கு மறுபக்கம் நின்றவன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் எண்ணெய்ச் செற்றில், அதாவது எரிபொருள் நிரப்பு நிலையத்தில், பதினாறு வருடம் முகாமையாளராக இருந்தேன். செற்காரன் தன்ரை பக்க நியாயம் கதைக்க வந்திட்டான் என்று யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். செற்றுகளில் களவே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை.

2011 வைகாசி மாதம் இருப்புச் சரிபார்க்க வந்தவர்கள் பெற்றோல் 94 லீற்றர் குறைகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பணிப்பாளர் சபை கூடி, அந்தக் காசை மூன்று தவணையாக என் சம்பளத்தில் வெட்டத் தீர்மானித்தது. அந்த மாதம் மூன்று முறை எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வந்தது, ஒவ்வொரு முறையும் 6,600 லீற்றர். பவுசர் வந்தால் முதலில் அளவுகோலைத் துடைத்து, நுனியில் தண்ணீர் காட்டும் பசையைப் பூசி, தாங்கிக்குள் நேராக இறக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் நனைத்த இடத்தை மில்லிமீற்றரில் பார்த்து, அட்டவணையில் லீற்றராக்கி, கொப்பியில் பதிய வேண்டும். இறக்கிய பிறகும் அதே வேலை. நீண்ட தூரம் வெயிலில் ஓடி வந்த எண்ணெய் சூட்டோடு நிலத்தடித் தாங்கிக்குள் இறங்கும், விடியும்போது குளிர்ந்து சுருங்கியிருக்கும். 6,600 லீற்றர் பெற்றோல் 5 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 30 லீற்றர் குறையும். மூன்று பவுசருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஆவியாகிப் போவது வேறு. இதைச் சபையில் சொன்னபோது, "தம்பி, குறைஞ்சது குறைஞ்சதுதானே" என்றார் ஒரு பணிப்பாளர்.

நான் களவெடுக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போய் மனைவிக்கு அதை எப்படிச் சொன்னேன் என்பதை இப்போதும் நினைக்க விருப்பமில்லை.

அதற்கு மூன்று வருடம் முன்னர் கொழும்பில் என்ன நடந்தது? எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, கூட்டுத்தாபனம் வங்கிகளோடு ஹெஜிங் ஒப்பந்தங்கள், அதாவது விலை ஏற்றத்துக்குக் காப்பு ஒப்பந்தங்கள், செய்தது. விலை ஏறினால் வங்கி தருவதற்கு ஒரு எல்லை இருந்தது, இறங்கினால் கூட்டுத்தாபனம் கட்டுவதற்கு அப்படி ஒரு காப்பு இருக்கவில்லை. 2008 ஆடியில் பீப்பாய் 147 டொலர் வரை போனது, மார்கழியில் 40 டொலருக்கும் கீழே வந்தது. கொடுப்பனவை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதன் பிறகு வழக்கு வெளிநாட்டுக்குப் போனது. 2012இல் டொய்ச்ச வங்கி மட்டும் 6 கோடி டொலருக்கு மேல் என்று சர்வதேச நடுவர் தீர்ப்புப் பெற்றது. அதில் ஒரு சதம்கூட யாருடைய சம்பளத்திலாவது தவணையாக வெட்டப்பட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 நட்டத்தை முழுக்க நிர்வாகத்தின் தலையில் போடவும் முடியாது, முழுக்க மன்னிக்கவும் முடியாது. 203 ரூபாவுக்குள் பிடித்து வைத்திருந்த டொலர் அந்த மார்ச்சில் கைவிடப்பட்டு, மே மாதத்துக்குள் 360 வரை போனது. டொலரில் கடன் வைத்திருந்த கூட்டுத்தாபனத்தின் கணக்கு அதிலேயே அடிபட்டது. மண்ணெண்ணெய் ஆவணி வரைக்கும் லீற்றர் 87 ரூபா, அடக்க விலைக்கு எவ்வளவோ கீழே. அது ஏழைக்கும் கடற்றொழிலாளிக்கும் கொடுத்த நிவாரணம், கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசைத் திறைசேரி வரவுசெலவுத் திட்டத்தில் காட்டிக் கட்டியிருக்க வேண்டும். கூட்டுத்தாபனத்தின் நட்டமாக எழுதினால் எது நிவாரணம், எது நாணய அடி, எது நிர்வாகத்தின் பிழை என்று எவராலும் பிரிக்க முடியாது. அந்தக் கலவைக்குள்தான் எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்கள். கடைசியில் 87ஐ ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். அடுத்த நாள் எங்கள் கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்தன, படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியார் வெறும் கலனோடு வந்து என்னைத்தான் ஏசினார்.

அடுத்த வருட இலாபமும் இதே மாதிரித்தான். விலையை அடக்கச் செலவுக்கேற்பச் சூத்திரப்படி ஏற்றி, பழைய டொலர் கடனைத் திறைசேரி பொறுப்பெடுத்தால் எந்த நிர்வாகமும் இலாபம் காட்டும். நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஏன் இவ்வளவு காலமும் பெரிதாக விரிவாக்கப்படவில்லை? எந்தக் கப்பலை யார், என்ன விலைக்கு வாங்கினார்கள்? இதற்கெல்லாம் பெயரோடு கையெழுத்து இருக்கும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகளில் பாதி தனிச் சிங்களத்தில் வரும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று 1988இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. விளங்காத கடிதத்துக்கு நான் பக்கத்துக் கடை முதலாளியிடம் போய் மொழிபெயர்ப்புக் கேட்க, அதை மீறினேன் என்று பிறகு எனக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதுவும் சிங்களத்தில்.

அந்த 94 லீற்றர் விசயத்தில் நான் செய்தது இவ்வளவுதான். ஒரு வெப்பமானி வாங்கினேன். கொப்பியில் புதிதாக நிரல்கள் கீறினேன்: இறக்கும்போது சூடு, விடியற்காலைச் சூடு, சுருக்கம், ஆவியானது, பம்பி கூடுதலாக அளந்தது, மீதிக் குறைவு. ஒரு மாதம் முழுக்க எழுதிச் சபைக்கு முன்னால் வைத்தேன். மீதிக் குறைவு என்ற நிரலில் 4 லீற்றர்தான் இருந்தது, அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். மூன்றாம் தவணையை வெட்டவில்லை. முதல் இரண்டு தவணைக் காசும் நான் ஓய்வுபெறும்வரை திரும்பி வரவில்லை.