டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, வேகம் ஏன் வரவில்லை?

கேள்வி: ஒட்டுசுட்டானில் கல்வி நிலையம் நடத்துகிறோம். 12 கணினிகளுக்கு கேட் 6 வலையமைப்புக் கேபிள் (எட்டுக் கம்பி, நான்கு முறுக்குச் சோடி) இழுத்து, முனைகளில் இணைப்பித் தலைகளை நாங்களே அடித்தோம். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிகிறது. ஆனால் சில கணினிகளில் வேகம் 100 Mbpsஐத் தாண்டவில்லை. பெரிய கோப்பு அனுப்பினால் இணைப்பு விழுகிறது. அதே வளவில் 70 மீற்றர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கும் இதே கேபிள்தான். போன ஒக்டோபர் இடியோடு இரண்டு பக்கச் சுவிட்சும் போய்விட்டன. எந்த இடத்துக்கு எந்த இணைப்பி போட வேண்டும்?

பதில்: முதலில் தலைகளைப் பாருங்கள். இந்த முனைக் கம்பி அந்த முனைக் கம்பியோடு தொடுகிறதா என்பதை மட்டுமே சாதாரண டெஸ்டர் சொல்லும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான்கு சோடிகளையும் நிறப்படி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இரண்டு முனையிலும் அப்படியே அடித்தால் விளக்கு எல்லாம் எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் கம்பிகள் ஒரே சோடியாக இருக்க வேண்டும். அவை வேறு வேறு சோடியில் வந்தால் சமிக்ஞைகள் ஒன்றில் ஒன்று கலந்து, பாரம் ஏறியதும் இணைப்பு விழும்.

ஆர்.ஜே. 45 (நீங்கள் அடித்த எட்டு ஊசித் தலை) தலையின் கொழுக்கி மறுபக்கம், கேபிள் கீழே வரும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக இதுதான் வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையும் இதே வரிசை. மேலுறையை 3 செ.மீ. உரித்து, கம்பிகளை நேராக்கி அடுக்கி, 13 மி.மீ.க்கு மேல் மிஞ்சாதபடி நறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கு அவிழ்ந்திருக்கக் கூடாது. செம்பு முனைகள் தலையின் முன்பக்கத்தில் தெரியும்வரை தள்ளுங்கள். மேலுறையும் தலைக்குள் போய், அமுக்கும் கட்டைக்குக் கீழே அகப்பட வேண்டும். இல்லாவிட்டால் கேபிளை இழுக்கும்போதெல்லாம் கம்பிதான் இழுபடும்.

100இல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் 4, 5, 7, 8ஆம் கம்பிகள். 100க்கு 1, 2, 3, 6 போதும். 1000க்கு எட்டும் வேண்டும். அரைகுறையாகத் தொடும் கம்பிக்கும் டெஸ்டர் விளக்கு எரியும் என்பதால் ஏமாறாதீர்கள். கேட் 6 கம்பி தடிப்பானது, பழைய கேட் 5இ கேபிளுக்கான தலைக்குள் சரியாக இறங்காது. ஒற்றைக் கம்பிக் கேபிளுக்கு மூன்று பற்கள் உள்ள தலை என்று கேட்டு வாங்குங்கள். கம்பியைப் பிளேட்டால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் எளிதில் முறிந்துவிடும். அதை மாற்றுவதுதான் வழி.

சுவரோடு போகும் கேபிளுக்குத் தலை அடிக்காமல் கீஸ்டோன் ஜாக்கில் (சுவரில் பொருத்தும் இணைப்புத் துளை) முடிப்பதே நல்லது. அங்கிருந்து கணினிக்கு கடையில் கிடைக்கும் ஆயத்தப் பட்ச் கோட் (இரு முனையிலும் தலை உள்ள குட்டைக் கேபிள்) போதும். மாணவர்கள் கால் பட்டு இழுபட்டாலும் பழுதாவது அந்தக் கோட் மட்டும்தான்.

அலுவலகத்துக்குப் போகும் செம்புக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செம்புக் கேபிளுக்கான 100 மீற்றர் எல்லைக்குள் இருக்கிறதே என்பது இங்கே கணக்கில்லை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் வன்னியில் பின்னேர இடி வழமை. அருகில் மின்னினாலே வெளியே கிடக்கும் செம்பில் மின்னழுத்தம் ஏறி, இரண்டு பக்கத்துப் போர்ட்டையும் எரிக்கும். அந்த இடத்துக்குப் பைபர் எனும் ஒளியிழைக் கேபிள்தான் வேண்டும், ஒற்றைமுறை (single-mode) வகையை எடுங்கள். கேபிளில் தாங்குகம்பியாக உருக்கு இருந்தால் அதுவும் மின்னலைக் கொண்டுவரும், ஆகவே உலோகமே இல்லாத வகையைக் கேளுங்கள்.

பைபரின் இரண்டு முனைக்கும் மீடியா கொன்வேர்ட்டர் (ஒளியைச் செம்புக் கேபிள் சமிக்ஞையாக மாற்றும் பெட்டி) வேண்டும். ஒரே இழையில் ஓடும் வகை என்றால் ஒரு பக்கம் ஏ வகைப் பெட்டி, மறுபக்கம் பி வகைப் பெட்டி. இரண்டும் ஒரே வகையானால் இணைப்பே வராது. இவற்றில் பொதுவாக வருவது நீல எஸ்.சி. தலை. வீட்டு இணையப் பைபரில் வரும் பச்சைத் தலையின் முகம் 8 பாகை சரிவு. அதை நீலத்தோடு கொழுவினால் ஒளி வீணாகும். பைபர் மொடியூல் செருகும் எஸ்.எப்.பி. துளையுள்ள சுவிட்ச் என்றால் சிறிய எல்.சி. தலை. எந்தத் தலையானாலும் மூடியைக் கழற்றியதும் செருகிவிடுங்கள். வன்னிப் புழுதி ஒரு துகள் முகத்தில் ஒட்டினாலே போதும், இணைப்பு தடுமாறும். முனைக்குள் கண் வைத்துப் பார்க்காதீர்கள். பைபரில் போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

தொலைபேசிக்கான ஆர்.ஜே. 11 தலை ஆர்.ஜே. 45 துளைக்குள் போகும், ஆனால் ஓரத்து ஊசிகளை வளைத்துவிடும், செருகாதீர்கள். பி.என்.சி. என்ற வட்டத் தலை பழைய சி.சி.ரி.வி. கமராக்களுக்கு உரியது, உங்கள் வேலைக்குத் தேவையில்லை.