இரண்டடிக் கட்டைகள்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரியில் எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். அனுமதி வாங்கி எங்கள் நிலத்தில் வெட்டிய சீகை (வாட்டில்) மரங்களின் கிளையும் உருட்டுக்கட்டையும் குவிந்து கிடக்கின்றன. கொஞ்சம் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) உண்டு. அறுத்தவர்கள் எல்லாவற்றையும் இரண்டடித் துண்டாகப் போட்டுப் போனார்கள். கைமுட்டிக்குச் சிறியதைப் பிளக்க வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படி விட்ட போன வருட விறகு எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் இருந்தும் அடுப்பில் நுரை தள்ளிப் புகைகிறது. எந்தப் பருமனிலிருந்து பிளக்க வேண்டும்? சிறிய கட்டை நிற்பதில்லை என்பதால் இடது கையால் பிடித்துக்கொண்டு வெட்டுகிறேன். எந்தக் கோடாலி நல்லது? சோலைக்காட்டு ஓரம் விழுந்து கிடக்கும் கிளைகளை எடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த இடது கையை எடுங்கள். கணு இருக்கும் கொம்பில் கோடாலி வழுக்கினால் அது போகிற இடம் உங்கள் கட்டைவிரல். சிறிய கட்டைக்கு ஓங்கி வீசவே வேண்டாம். வெட்டரிவாளை அதன் தலையில் வைத்து, மேலே ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் கூடாது, அரிவாள் சிதறும். கட்டை நிற்காவிட்டால், பழைய ஸ்கூட்டர் டயரை அடிக்கட்டைமேல் போட்டு அதற்குள் நாலைந்து துண்டுகளை நெருக்கி நிறுத்துங்கள். ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

சோலைக்கிளையைத் தொடாதீர்கள். அது காட்டின் சாப்பாடு, அதோடு சட்டமும் விடாது. கோடாலி எதுவானாலும் சரி, பிடி ஆடாமல் இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை. "இரண்டடித் துண்டாகப் போட்டுப் போனார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. கொஞ்ச நாளாகவே எனக்கு இந்த எரிச்சல் உண்டு. விறகு என்றதும் எல்லோரும் கைமுட்டி, மணிக்கட்டு, தொடை என்று பருமனையே அளக்கிறார்கள். நீளத்தை அளப்பவர் யாரையும் காணோம்.

மரம் என்பது வேர் உறிஞ்சிய நீரை உச்சிக்கு ஏற்றுகிற மெல்லிய குழாய்களின் கட்டு. வெட்டிப் போட்ட பிறகும் ஈரம் அந்த வழியேதான் சுலபமாகப் போகும், குறுக்கே போவதைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக. பட்டையோ கிட்டத்தட்ட மழைக்கோட்டு மாதிரி. ஆக, பட்டையோடு கிடக்கும் உருண்டைக் கொம்புக்கு இரண்டு முனைகள்தான் வாசல். இரண்டடிக் கட்டையின் நடு ஈரம் வெளியேற 12 அங்குலம் நடக்க வேண்டும். பத்து அங்குலமாக அறுத்தால் ஐந்தே அங்குலம். தூரம் பாதியானால் காயும் காலம் பாதியோடு நிற்காது, கால்பங்கை ஒட்டி இறங்கும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பத்து அங்குலத் துண்டுக்குச் சரி. இரண்டடிக்கு அதைச் சொல்லியிருந்தால், உங்கள் புகைக்கு அவரும் ஒரு காரணம்.

அடுப்பு வாய் பெரிதாக இருக்கிறது, இரண்டடி போகுமே என்பீர்கள். போகட்டுமே. அடுப்புக்குள் போவதும் எரிவதும் ஒன்றா? மணிக்கட்டுப் பருமன் வரை பத்து அங்குலமாக அறுத்துவிட்டு அப்படியே அடுக்குங்கள், பிளக்க வேண்டாம். அறுக்கச் சோம்பலாக இருந்தால் எதிரெதிரே இரண்டு கோடாகப் பட்டையை நெடுக்க உரித்துவிடுங்கள். சீகைப் பட்டை பச்சையில் துணி மாதிரி உரிந்து வரும், காய்ந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அந்தப் பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்தைத் தோல் பதனிடுபவர்கள் கேட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு.

விட்டம் மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் நடுவே ஒரு பிளவு. நான்கு அங்குலம் தாண்டினால் நான்காக. கணக்கு எளிது. நான்கு அங்குல விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு பன்னிரண்டரை அங்குலம், அத்தனையும் பட்டை. அதை நான்காகப் பிளந்தால் 16 அங்குலம் பட்டையில்லாத முகம் புதிதாகக் கிடைக்கிறது. ஈரம் போவதும் தீ பிடிப்பதும் அந்த முகத்தில்தான். கணு இருந்தால் அது கீழே வரும்படி நிறுத்தி எதிர்முனையில் அடியுங்கள். கவைக்கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதையும் உருண்டைகளில் பத்தில் ஒரு பங்கையும் பிளக்காமல் ஒதுக்கிவைத்தால், நன்றாகக் காய்ந்தபின் இரவுக் கணப்பில் மெல்ல நின்று எரியும்.

கற்பூர மரத்துக்கு மட்டும் தாமதம் கூடாது. ஊட்டியின் விறகுத் தட்டுப்பாட்டுக்காக 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தோப்புத் தோப்பாக நட்டவர்கள் பிளக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நார் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு வளர்கிற மரம் அது. பச்சையில் பிளந்தால் பிளக்கும், ஆறு மாதம் போனால் ஆப்பையே விழுங்கும். நடுவில் அடிக்காமல் ஓரம் ஓரமாகச் சீவிக்கொண்டே உள்ளே போங்கள். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது விழும் மிலாறு (குச்சி) கிடைத்தால் ஒடித்துப் போடுங்கள், அதற்கு அரிவாள்கூட வேண்டாம்.

தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடியிருப்பீர்கள். மரம் விட்ட ஈரம் உள்ளே வியர்த்து அதே மரத்தில் சொட்டியிருக்கும். அதைத்தான் எட்டு மாதம் வளர்த்திருக்கிறீர்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்கி, தலையை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் மார்ச் வரை அடிக்கும் உலர்காற்றுதான் வருடத்தின் நல்ல வெயில். இந்த மாதமே அறுத்துவிட்டால் அது முழுதாகக் கிடைக்கும்.

ஒரு துண்டைச் சமையல் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் சாக்பீஸால் அதிலேயே எழுதி அடுக்கின் நடுவில் சொருகுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் எடை இறங்கவில்லை என்றால் அடுப்புக்குக் கொண்டு போகலாம். அப்போது இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்'கென்று கேட்கும். போன வருட விறகைத் தட்டிப் பாருங்கள், 'தொப்'பென்றுதான் கேட்கும். அதை எறிந்துவிடாதீர்கள், இரண்டாக அறுத்து இந்தக் காற்றில் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா