மாரத்தான் வேகக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. முதல் பாதியில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்துக்கொண்டால் பின்னால் கைகொடுக்காதா?

பதில்: கொடுக்காது. 42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. முதல் பாதியில் ஐந்து நிமிடம் மிச்சம் என்றால் 5:27-இல் ஓட வேண்டும். வேகம் கூடக் கூட உடலானது கொழுப்பைக் குறைவாகவும், கிளைக்கோஜனை (உடலில் சேமிக்கப்படும் மாவுச்சத்து) கூடுதலாகவும் எரிக்கும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் அந்தச் சேமிப்பு அளவானது. பலருக்கு 30 கிலோமீட்டர் தாண்டியதும் அது வற்றுகிறது. அப்போது கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று நழுவ ஆரம்பித்தால், மிச்சம் பிடித்ததைப்போல இரு மடங்கு பறிபோகும். கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் 2:00:35 என்ற உலக சாதனை படைத்தபோது, முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அவரே முதல் பாதியில் அடக்கி வாசித்தார்; நமக்கு என்ன அவசரம்?

கேள்வி: தொடக்கத்தில் எவ்வளவு அடக்க வேண்டும்?

பதில்: முதல் மூன்று கிலோமீட்டரில் இலக்கு வேகத்தைவிட ஐந்து முதல் பத்து விநாடி மெதுவாக. ஓய்வெடுத்த கால்கள் அன்று பொய் சொல்லும், நம்பாதீர்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். கூட்டத்தில் வளைந்து நெளிந்து முந்துவதும் வீண் செலவு.

கேள்வி: கடிகாரம் கடைசிவரை 5:41 காட்டியது. ஆனாலும் இரண்டு நிமிடம் தாமதமானது எப்படி?

பதில்: பாதையை அளப்பவர்கள் திருப்பங்களில் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நாம் அகலமாகத் திரும்புகிறோம். ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும். கடைசியில் கடிகாரம் 42.6 காட்டுவது சகஜம். அந்த 400 மீட்டருக்கே இரண்டேகால் நிமிடம் ஆகிறது! எனவே கடிகாரத்தில் 5:38 வைத்து ஓடுங்கள். அதைவிட நல்ல வழி: 10 கிலோமீட்டருக்கு 56:53, பாதிக்கு 2:00:00, 30-க்கு 2:50:38 என்று பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டு, சாலையோரப் பலகை வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அரை மாரத்தான் 1:50. முழுதும் 3:40-இல் முடியுமா?

பதில்: இரண்டால் பெருக்கினால் ஏமாற்றம்தான். ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் பீட்டர் ரீகலின் சூத்திரம் ஏறக்குறைய 3:49 என்கிறது. அதுவும் நீண்ட ஓட்டப் பயிற்சி போதுமான அளவு இருந்தால். இல்லையென்றால் நான்கு மணி நேரத்தையே இலக்காக வையுங்கள்.

கேள்வி: இதயத் துடிப்பைப் பார்த்து ஓடலாமா?

பதில்: முதல் பாதியில் கடிவாளமாகப் பயன்படும். பிறகு வேகம் மாறாவிட்டாலும் வெப்பத்தாலும் நீரிழப்பாலும் துடிப்பு ஏறும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

கேள்வி: மேடு வந்தால்?

பதில்: மூச்சு மாறக் கூடாது, வேகம் குறையட்டும். இறக்கத்தில் எட்டி அடி வைக்காதீர்கள். தொடையின் முன்தசை அங்கேதான் அடிவாங்குகிறது.

கேள்வி: பேஸருடன் (குறித்த நேரத்தில் முடிக்கும்படி ஓடி வழிகாட்டுபவர்) ஒட்டிக்கொண்டால் போதுமா?

பதில்: நல்லதுதான். ஆனால் அவர் நேரத்தைத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணுகிறாரா, தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்தா என்று முன்பே கேளுங்கள். நீங்கள் இரண்டு நிமிடம் பின்னால் கோட்டைக் கடந்துவிட்டு, அவரைப் பிடிக்கப் பாய்ந்தால், முதல் கேள்வியில் சொன்ன வம்பை நீங்களே விலைக்கு வாங்குகிறீர்கள்.