மீன் கணக்கு: கேட்டவையும் சொன்னவையும்

தூத்துக்குடியில் மீன்வளப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு குன்னூர்க் குளிரில் வந்து மாட்டிக்கொண்டவன் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில்.

குன்னூர் அம்மா ஒருவர்: மத்தி ஒரு வருஷம் மலிவு, ஒரு வருஷம் கண்ணிலேயே படுவதில்லை. ஏன் சார்?

கேரளக் கரையில் 2012இல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் மத்தி வந்தது. 2021இல் வந்தது 3,297 டன். கடலின் சூடும் மழையும் இரையும் மாறினால் மத்தி இப்படித்தான் ஏறி இறங்கும். இறங்குகிற வருஷத்தில் வலை மட்டும் இறங்காது. படகுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டுமே, கிடைத்த குஞ்சையும் அள்ளத்தான் செய்வார்கள். 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்பது கேரளத்தின் விதி. போன வாரம் நம் மார்க்கெட்டில் ஒரு தட்டு நிறைய, விரல் நீளம்கூட இல்லாத மத்தி, கரைந்த ஐஸ் தண்ணீரில் மிதந்தது. "முள்ளோடு மெல்லலாம் சார்" என்றார் கடைக்காரர். ஆள்காட்டி விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு மேல் ஒரு கணு நீளம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கோத்தகிரி தேயிலை விவசாயி: தேயிலைக்கு யாரும் தடைக்காலம் போடுவதில்லையே. படகுக்காரருக்கு மட்டும் புத்தி சொல்ல ஆள் வேண்டுமா?

அண்ணா, உங்கள் செடி உங்களுடையது. ஒட்ட வெட்டினால் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து வராது என்று தெரிந்துதான் இரண்டு இலை ஒரு மொட்டோடு நிறுத்துகிறீர்கள். இப்போது வேலியை எடுத்துவிடுங்கள். கோத்தகிரி முழுக்க யாரும் எங்கும் பறிக்கலாம், பறித்தவருக்கே இலை. நீங்கள் காலையில் விட்டுவைத்த கொழுந்து சாயங்காலம் இருக்குமா? பக்கத்து ஊர்க்காரர் கெட்டவர் இல்லை, அவருக்கும் உங்கள் கணக்குத்தான். கடல் அப்படிப்பட்ட தோட்டம்.

கனடாவின் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954இல் எழுதியது இதைத்தான். லாபம் தெரிகிறவரை புதுப் படகு வந்துகொண்டே இருக்கும், வரவும் செலவும் சரிக்குச் சரியாகும்போதுதான் நிற்கும். அதற்குள் மீனும் குறைந்திருக்கும், லாபமும் கரைந்திருக்கும். 2012ஆம் ஆண்டில் மட்டும் உலகம் இப்படிக் கைவிட்ட லாபம் 8,300 கோடி டாலர் என்கிறது உலக வங்கியின் 2017 மதிப்பீடு. இதில் டீசலையும் மலிவாகக் கொடுத்தால், நஷ்டத்தில் கரையேற வேண்டிய படகும் கடலிலேயே நிற்கும். இதைச் சொல்லி நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

ஊட்டியிலிருந்து: மத்தி ஏன் இப்போது இவ்வளவு விலை?

முதல் பதில்.

கூடலூர்க்காரர்: 61 நாள் தடை இருக்கிறதே, போதாதா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. முட்டையிட நேரம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் படகு ஒன்றும் குறைவதில்லை. தடை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாய்கிறார்கள், மீன் ஒரே நேரத்தில் குவிகிறது, விலை சரிகிறது. அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு இது முற்றிப்போய், பருவமே ஓரிரண்டு நாளாகச் சுருங்கியது. புயலானாலும் கடலுக்குப் போனார்கள், பிடித்ததில் பெரும்பாலும் ஐஸ் அறைக்குப் போனது. 1995இல் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். பருவம் எட்டு மாதமாக நீண்டது, மீன் பச்சையாகவே நல்ல விலைக்கு விற்றது.

கூடலூர்க்காரர் மறுபடியும்: அப்போ இங்கேயும் பங்கு கொடுங்கள், முடிந்தது.
கோத்தகிரிக்காரர் குறுக்கே: விற்கலாம் என்றால் பெரிய முதலாளி வாங்கிக் குவிப்பான். எங்கள் இலைக்கு ஃபேக்டரிதானே விலை வைக்கிறது!

சரி, இரண்டு பேரும் நில்லுங்கள். கோத்தகிரி அண்ணா சொன்னது ஐஸ்லாந்தில் நடந்தது. 1990இல் பங்கைத் தாராளமாக விற்கலாம் என்றானதும் அது சில கைகளில் சேர்ந்தது, சில கரையோர ஊர்களில் வேலையே போனது. ஆனால் அங்கே மீனின் நிலை தேறியதையும் மறைக்கக் கூடாது, கூடலூர்த் தம்பிக்கு அதில் பாதி மதிப்பெண்.

நம் சிக்கல் வேறு. விசைப்படகு இழுத்து வரும் இழுவைமடி வலையை அவிழ்த்துக் கொட்டினால் இறால், காரல், நண்டு, கணவாய், பெயர் தெரியாத குஞ்சு எல்லாம் ஒரே குவியல். அடியில் கிடக்கும் சங்காயம், அதாவது சாப்பிட விலைபோகாத பொடிமீன், கோழித் தீவனத்துக்குப் போகும். இதில் எந்த மீனுக்கு எவ்வளவு பங்கு? கரை நெடுக இறங்குகிற மீனை யார் எடை போடுவது? இங்கே மீனை எண்ணுவதைவிடப் படகை எண்ணுவது சுலபம். பாக் நீரிணையில் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டது நம் ஆட்கள்தான். படகின் எண்ணிக்கைக்கும் இன்ஜின் குதிரைத்திறனுக்கும் வரம்பு போட்டு, அதோடு இந்த நாள் கணக்கையும் சேர்த்துப் பிடியுங்கள் என்பேன்.

அதே தம்பி: அப்போ இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டைமடி?

கூடாது. இதில் விவாதமே இல்லை.

தடைக்காலத்தில் ஊட்டிக்கு மீன் எப்படி வருகிறது?

நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. மேற்குக் கரையில் தேதியும் வேறு. அப்புறம் வளர்ப்பு மீன் இருக்கிறது.

அவலாஞ்சி டிரவுட்டைப் பிடித்து விற்கலாமா?

வெள்ளைக்காரர்கள் தூண்டில் ஆசைக்காகக் கொண்டுவந்த மீன் அது. அனுமதி விவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை போடலாமா?

டாக்டரைக் கேளுங்கள்.

சார், மீன் ஏன் விலை ஏறிவிட்டது?

மத்தியா? முதல் பதில். விரலை மறக்க வேண்டாம்.